டி லியோனை எடைபோட அவரைவிட்டு ஓடியவர்களைப் பாருங்கள்

கேள்வி இது: அமெரிக்க சோசலிச இயக்கத்தின் தொடக்கக் காலத்தில் டேனியல் டி லியோன் உண்மையிலேயே பெரிய ஆளா? லெனினே பாராட்டிய சிந்தனையாளர் என்று சிலர் எழுதுகிறார்கள். கட்சியை உடைத்து நாசமாக்கிய கொள்கை வெறியர் என்று வேறு சிலர். எதை நம்புவது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய செல்வாக்கு பெரியதுதான். ஆனால் அது அவர் நினைத்த வழியில் வேலை செய்யவில்லை. அவர் வழிநடத்திய கட்சி கடைசிவரை சின்னதாகவே இருந்தது, அவர் தொடங்கிய தொழிற்சங்கம் தேறவில்லை. ஆனால் அவரோடு ஒத்துவராமல் வெளியேறியவர்கள் போய் எதைக் கட்டினார்களோ, அதுதான் அமெரிக்காவின் பெரிய சோசலிச இயக்கம். வெளியேறியவர்கள் கட்டிய கட்சியின் அமைப்பு விதிகளைப் படித்தால், 'இன்னொரு டி லியோன் நமக்கு வேண்டாம்' என்ற எச்சரிக்கை பல இடங்களில் தெரியும். ஆகவே அவர் வாங்கிய ஓட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது. யார் யார் எதற்காக அவரைவிட்டுப் போனார்கள் என்று பார்க்க வேண்டும்.

ஆள் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1852இல், கரீபியக் கடலில் டச்சுக்காரர்கள் ஆண்ட குராசாவ் தீவில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா டச்சு ராணுவத்தில் அறுவை மருத்துவர். படிப்பு ஐரோப்பாவில். 1870களின் முதல் பாதியில் நியூயார்க் வந்து பள்ளியில் பாடம் நடத்தினார். கொலம்பியாவில் சட்டம் படித்து 1878இல் பட்டம் வாங்கினார். 1883 முதல் அங்கேயே லத்தீன் அமெரிக்க அரசதந்திரம் பற்றி விரிவுரையாளர். 1886இல் நிலவரிச் சீர்திருத்தம் பேசிய ஹென்றி ஜார்ஜ் நியூயார்க் மேயர் தேர்தலில் நின்றபோது அவருக்காக வேலை செய்தார். 1889இல் கொலம்பியாவை விட்டாயிற்று. நடுவில் எட்வர்ட் பெல்லமியின் கனவுலக நாவலைப் படித்துவிட்டு எழுந்த 'நேஷனலிஸ்ட்' மன்றங்களிலும், 'உழைப்பின் வீரர்கள்' என்ற தொழிலாளர் அமைப்பிலும் கொஞ்ச காலம். 1890இல் சோசலிஸ்ட் லேபர் கட்சிக்குள் வந்தார். எதிரிகள் கடைசிவரை 'பேராசிரியர்' என்று கிண்டலாகவே கூப்பிட்டார்கள். அவருடைய உண்மையான பெயர் லோப் என்று யூத வெறுப்பு கலந்த புரளி ஒன்றையும் கிளப்பிவிட்டார்கள்.

அவர் நுழைந்தபோது கட்சி எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அவர் செய்தது புரியும். 1876இல் பிறந்து அடுத்த ஆண்டு பெயர் மாற்றிக்கொண்ட கட்சி அது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள். கூட்டம், பாட்டு, பீர், பத்திரிகை எல்லாம் ஜெர்மன் மொழியில். 'நியூயார்க்கர் ஃபோல்க்ஸ்ட்சைட்டுங்' என்ற ஜெர்மன் நாளிதழ்தான் கட்சியின் உண்மையான முதுகெலும்பு. ஆங்கிலம் பேசும் அமெரிக்கத் தொழிலாளியிடம் போய்ப் பேச ஆளில்லை. 1891இல் 'தி பீப்பிள்' என்ற ஆங்கில வார இதழைத் தொடங்கினார்கள். முதல் ஆசிரியர் லூசியன் சானியல். அடுத்த ஆண்டே அந்த நாற்காலி டி லியோனுக்கு வந்தது. அதற்குப் பிறகு 1914இல் சாகும் வரை கட்சியில் அவருடைய இடம் அதுதான். 1900 ஜூலையில் அதை நாளிதழாகவே ஆக்கினார்கள். அத்தனை சின்னக் கட்சி 1914 பிப்ரவரி வரை தினசரிப் பத்திரிகை நடத்தியது.

இந்த இடத்தைக் கவனியுங்கள். அவர் கட்சியின் தேசியச் செயலாளராக இருந்ததே இல்லை. அந்தப் பதவியில் நீண்ட காலம் இருந்தவர் ஹென்றி குன். டி லியோனின் அதிகாரம் முழுக்க ஆசிரியர் நாற்காலியில்தான் இருந்தது. கட்சிக்கு ஒரே அதிகாரபூர்வப் பத்திரிகை. அதில் வருவதுதான் கட்சியின் நிலைப்பாடு. அதை எழுதுபவர் அவர். உறுப்பினர் ஒருவர் மாற்றுக் கருத்து எழுதி அனுப்பினால், அது அச்சாகும், கீழேயே ஆசிரியரின் நீண்ட பதிலும் அச்சாகும். வார்த்தையில் அவரை ஜெயிப்பது லேசான வேலை இல்லை. அப்புறம், யார் கொள்கை வழுவினார்கள் என்ற விவாதம் தொடங்கும், அது பல நேரம் வெளியேற்றத்தில் போய் முடியும். பத்திரிகையைப் பிடித்தவன் கட்சியைப் பிடித்தான் என்ற பாடத்தை அவருடைய எதிரிகள் மறக்கவே இல்லை. இதற்கு மறுபடி வருகிறேன்.

முதலில் அவருடைய நல்ல பக்கம். 1898 ஜனவரியில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து நியூ பெட்ஃபோர்ட் பருத்தி ஆலைகளில் கூலியில் ஏறக்குறைய பத்து சதவீதம் வெட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பிப்ரவரி 11 அன்று அந்த ஊர் நகர மண்டபத்தில் டி லியோன் அவர்களிடம் பேசினார். வழக்கமாக அந்த மாதிரிக் கூட்டத்தில் தலைவர்கள் உசுப்பேற்றிவிட்டுப் போவார்கள். இவர் அந்த மேடையில் பொருளாதார வகுப்பு எடுத்தார். லாபம் எங்கிருந்து வருகிறது, பங்குதாரர் ஆலைப் பக்கமே எட்டிப் பார்க்காமல் எப்படி வருமானம் வாங்குகிறார், புது இயந்திரம் வந்தால் கூலிக்கு என்ன ஆகிறது, போன தடவை வேலைநிறுத்தம் ஏன் தோற்றது என்று ஒன்றன்பின் ஒன்றாக. நடந்துகொண்டிருந்த வேலைநிறுத்தத்தைத் தப்பு என்று அவர் சொல்லவில்லை. எதற்காக நிற்கிறோம் என்று புரியாமல் நின்றால் அடுத்த முறையும் இதே கதைதான் என்றார். இந்தப் பேச்சும், 1896இல் பாஸ்டனில் சீர்திருத்தமா புரட்சியா என்ற கேள்வியை வைத்து அவர் பேசியதும் சின்னப் புத்தகங்களாக வந்தன. மார்க்ஸைப் படிக்க நேரமும் மொழியும் இல்லாத ஆங்கிலத் தொழிலாளிக்கு மார்க்சியம் போய்ச் சேர்ந்த முக்கியமான வழிகளில் ஒன்று இந்தப் புத்தகங்கள்தான். லூயி போனபார்ட்டின் ஆட்சிக் கவிழ்ப்பைப் பற்றிய மார்க்ஸின் நூலையும், பெண்களின் நிலை பற்றி ஜெர்மன் சோசலிஸ்ட் தலைவர் பெபல் எழுதிய நூலையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்ததும் அவரே. இந்த விஷயத்தில் அவரோடு ஒப்பிட அமெரிக்காவில் அப்போது அதிகம் பேர் இல்லை.

சரி, எங்கே கோணலாகப் போனது? தொழிற்சங்க விஷயத்தில்.

அன்றைய அமெரிக்காவின் பெரிய சங்கக் கூட்டமைப்பு சாமுவேல் காம்பர்ஸ் நடத்திய அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பு. அது கைத்தொழில்வாரியாகப் பிரிந்தது. ஒரே ஆலைக்குள் தச்சனுக்கு ஒரு சங்கம், கொதிகலன் ஓட்டுபவனுக்கு ஒன்று, அச்சு வார்ப்பவனுக்கு இன்னொன்று. ஒரு சங்கம் வேலைநிறுத்தம் செய்யும்போது மற்றவை ஒப்பந்தத்தைக் காட்டி வேலைக்குப் போகும். திறன் பெறாத கூலிக்காரனுக்குப் பெரும்பாலும் எதிலும் இடமில்லை. இந்த அமைப்பையும் அதன் தலைவர்களையும் டி லியோன் வறுத்தெடுத்தார். முதலாளி வர்க்கத்தின் தொழிலாளர் தளபதிகள் என்று அவர் பக்கத்தில் புழங்கிய வசை அட்லாண்டிக்கைத் தாண்டியும் போனது. அவர் காட்டிய குறை ஏறக்குறைய எல்லாமே நியாயமானது.

ஆனால் அவர் எடுத்த முடிவைப் பாருங்கள். 1893இல் அந்தக் கூட்டமைப்புக்குள் சோசலிஸ்டுகள் ஒரு அரசியல் திட்டத்தை விவாதத்துக்குக் கொண்டுவந்தார்கள். உற்பத்திச் சாதனங்கள் எல்லாம் பொதுவுடைமை ஆக வேண்டும் என்ற பத்தாவது அம்சம் அதில்தான் இருந்தது. 1894 டென்வர் மாநாட்டில் காம்பர்ஸ் தரப்பு அதை ஒருவழியாகத் தோற்கடித்தது. ஆனால் அதே மாநாட்டில் காம்பர்ஸே தலைவர் பதவியை இழந்தார். சுரங்கத் தொழிலாளி ஜான் மக்பிரைட் ஓர் ஆண்டு தலைவராக இருந்தார். அதாவது உள்ளே இருந்து போராடியவர்கள் அவ்வளவு தூரம் வந்திருந்தார்கள். அடுத்த ஆண்டு காம்பர்ஸ் திரும்பி வந்தார். அந்த 1895 டிசம்பரில்தான் டி லியோன் சோசலிஸ்ட் தொழில் மற்றும் உழைப்பாளர் கூட்டணி என்ற போட்டிச் சங்கத்தைத் தொடங்கினார். அதற்குச் சற்று முன்பு 'உழைப்பின் வீரர்கள்' மாநாட்டில் அவரை உட்காரவே விடவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

போட்டிச் சங்கம் என்றால் அன்றைய அமெரிக்கச் சங்கக்காரனுக்கு அது கருங்காலி வேலைக்கு அடுத்த படி. பத்து வருடம் பாடுபட்டுச் சங்கம் வளர்த்த சோசலிஸ்ட் செருப்புத் தொழிலாளியிடமோ சிகார் சுற்றுபவரிடமோ போய், 'உன் சங்கம் அழுகிப்போனது, இதில் சேர்' என்றால் என்ன செய்வார்? கட்சியையும் சங்கத்தையும் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பலர் சங்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கூட்டமைப்புக்குள் சோசலிஸ்டுகளின் பலம் குறைந்தது, காம்பர்ஸுக்கு அது வசதியாகப் போயிற்று. காம்பர்ஸ் மட்டும் எப்படியும் ஜெயித்திருப்பார் என்று வாதிடலாம்தான். எனக்கு அது அவ்வளவு நிச்சயமாகத் தோன்றவில்லை.

அப்போதுதான் ஓட்டம் தொடங்கியது. முதலில் கிளம்பியவர்கள் நியூயார்க் கிழக்குப் பகுதியின் யூதத் தையல் தொழிலாளர்கள். அங்கே அவர்கள் பேசிய இத்திஷ் மொழியில் கட்சிப் பத்திரிகை ஒன்று இருந்தது, அதையும் தலைமை தன் பிடிக்குள் வைத்திருந்தது. ஆபிரகாம் காஹன், லூயிஸ் மில்லர் போன்றவர்கள் பிய்த்துக்கொண்டு போய் 1897 ஏப்ரலில் 'ஃபார்வர்ட்' என்ற சொந்தப் பத்திரிகை தொடங்கினார்கள். கட்சிக்குச் சொந்தமில்லாமல், தனிச் சங்கம் ஒன்றின் பெயரில். அது பிறகு அமெரிக்காவிலேயே பெரிய இத்திஷ் நாளிதழாகி, தையல் தொழிற்சங்கங்களுக்கெல்லாம் தூணாக நின்றது. டி லியோனின் எதிர்மறைச் செல்வாக்குக்கு ஒரே ஒரு உதாரணம் காட்டு என்றால் நான் இதைத்தான் காட்டுவேன்.

இரண்டாவது உடைப்பு 1899இல். ஃபோல்க்ஸ்ட்சைட்டுங் பத்திரிகைக்காரர்களும், மாரிஸ் ஹில்க்விட் என்ற இளம் வக்கீலும் ஒரு பக்கம். டி லியோன், குன், ஹியூகோ ஃபோக்ட் மறுபக்கம். சண்டை போட்டிச் சங்கத்தைப் பற்றியது, அரசு வரியின் சுமை தொழிலாளி மேல் விழுகிறதா என்பதைப் பற்றியது, கடைசியில் யார் கட்சி என்பதைப் பற்றியது. நியூயார்க் கிளையில் எதிரணி பலம் பெற்றதும் தேசிய நிர்வாகிகளைப் பதவிநீக்கிவிட்டதாக அறிவித்தது. ஜூலை 10 இரவு அலுவலகத்தைக் கைப்பற்ற வில்லியம் தெருவுக்குப் போனார்கள். உள்ளே இருந்தவர்கள் விடவில்லை. தோழர்கள் தோழர்களை அடித்தார்கள், போலீஸ் வந்தது. அதற்கப்புறம் கொஞ்ச காலம் ஒரே பெயரில் இரண்டு கட்சி, 'தி பீப்பிள்' என்ற ஒரே பெயரில் இரண்டு பத்திரிகை. வாசகன் எந்தத் 'தி பீப்பிள்' என்று பார்த்து வாங்க வேண்டிய நிலை. முதலாளித்துவ அரசின் நீதிமன்றம்தான் பஞ்சாயத்து செய்து, பெயரும் பத்திரிகையும் டி லியோன் தரப்புக்கே என்றது. வெளியே போனவர்களுக்கு அவர்கள் வைத்த பட்டப்பெயர் 'கங்காரு'. சட்டம் இல்லாத திடீர் நீதிமன்றத்தை அமெரிக்காவில் கங்காரு கோர்ட் என்பார்கள், அதிலிருந்து வந்தது.

பெயர் கிடைத்தது, ஆட்கள் போய்விட்டார்கள். 1898 தேர்தல்களில் நாடு முழுக்கக் கட்சி வாங்கிய ஓட்டு 82 ஆயிரத்துக்கும் மேல். 1900 அதிபர் தேர்தலில் அது ஏறக்குறைய 40 ஆயிரம். அதே தேர்தலில் கங்காருக்களும் ரயில்வே தொழிலாளர் தலைவர் யூஜின் டெப்ஸின் அணியும் சேர்ந்து நிறுத்திய டெப்ஸ் 87 ஆயிரத்துக்கு மேல் வாங்கினார். 1904இல் டெப்ஸ் 4 லட்சத்தைத் தாண்டினார், டி லியோனின் கட்சி 30 ஆயிரத்துச் சொச்சம். 1908இல் அதிபர் வேட்பாளராக அவர்கள் முதலில் அறிவித்தவர் நெவாடா சிறையில் இருந்த மார்ட்டின் பிரெஸ்டன். சட்டம் கேட்கும் 35 வயதுகூட ஆகாதவர். கொள்கை அளவில் துணிச்சல், தேர்தல் அளவில் ஜோக். பிரெஸ்டனே மறுத்துவிட்டார்.

1901 ஜூலையில் இண்டியானாபொலிஸில் ஒன்றுகூடி அமெரிக்க சோசலிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்கள் எப்படிப்பட்ட வீட்டைக் கட்டினார்கள் என்று பாருங்கள். மாநிலக் கிளைகளுக்குத் தன்னாட்சி. தலைமையகம் நியூயார்க்கிலும் இல்லை, சிகாகோவிலும் இல்லை, செயின்ட் லூயிஸில். தொழிற்சங்கங்களுக்கு ஆதரவு உண்டு, அவற்றின் உள்விவகாரத்தில் கட்சி மூக்கை நுழைக்காது. எட்டு மணி நேர வேலை மாதிரியான உடனடிக் கோரிக்கைகள் திட்டத்தில் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கட்சிக்கென்று அதிகாரபூர்வக் கருத்துப் பத்திரிகை கிடையாது. யார் வேண்டுமானாலும் பத்திரிகை நடத்தலாம். விளைவு, கான்சாஸ் மாநிலத்துச் சின்ன ஊரான ஜிரார்டிலிருந்து வந்த 'அப்பீல் டு ரீசன்' என்ற தனியார் வார இதழ் 5 லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றது. டி லியோனின் கட்சியில் அப்படி ஒரு பத்திரிகையை வெளியாள் ஒருவர் நடத்துவதை நினைத்தே பார்க்க முடியாது.

அதே நேரம் டி லியோன் எதிர்த் திசையில் போனார். 1900 மாநாட்டில் அவர் கட்சி உடனடிக் கோரிக்கைகள் அத்தனையையும் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. மிச்சமிருந்தது ஒரே கோரிக்கை: முதலாளித்துவம் சரணடைய வேண்டும். பழைய பாணிச் சங்கங்களில் கட்சி உறுப்பினர் எவரும் பதவி வகிக்கக் கூடாது என்று தடையும் வந்தது. ஒருவர் எதைத் தடுத்தாரோ அதையெல்லாம் அனுமதித்து மற்றவர்கள் வளர்ந்தார்கள் என்று சொன்னால் அது பெரிய மிகை இல்லை.

இருந்தாலும் இதை அளவுக்கு மீறி இழுக்கவும் கூடாது. சோசலிஸ்ட் கட்சி வெறும் டி லியோன் எதிர்ப்பில் பிறந்ததல்ல. டெப்ஸ் வந்தது ரயில்வேயிலிருந்து, 1894 புல்மன் வேலைநிறுத்தத்திலிருந்து, அதற்காகக் கிடைத்த ஆறு மாதச் சிறையிலிருந்து. அவர் 1897இல் தன்னை சோசலிஸ்ட் என்று அறிவித்தபோது டி லியோன் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. சோசலிஸ்ட் கட்சியின் இன்னொரு தலைவரான விக்டர் பெர்கரின் மில்வாக்கி நகரம், ஜெர்மன் தொழிலாளர்களும் நகராட்சி அரசியலும் சேர்ந்து உருவான தனிக் கதை. 1912இல் டெப்ஸுக்கு அதிக விகித ஓட்டுத் தந்த மாநிலங்களில் ஒன்றான ஓக்லஹோமாவில், குத்தகை விவசாயிகள் டி லியோன் பெயரைக் கேள்விப்பட்டிருந்தாலே ஆச்சரியம். அவருடைய நிழல் நீண்டு விழுந்தது நியூயார்க்கிலும், அங்கிருந்து வந்து கட்சியின் விதிகளை எழுதியவர்கள் மேலும்தான். மேற்கேயும் தெற்கேயும் இயக்கத்துக்கு வேறு வேர்கள்.

1905இல் அவருக்கு இன்னொரு வாய்ப்பு வந்தது. ஜூன் 27 அன்று சிகாகோவில் உலகத் தொழில் உழைப்பாளர் சங்கம், அமெரிக்காவில் ஐ.டபிள்யூ.டபிள்யூ. என்று பேர்பெற்றது, தொடங்கியது. தலைமை தாங்கியவர் சுரங்கத் தொழிலாளர் தலைவர் பில் ஹேவுட். பழைய பகையை மறந்து டெப்ஸும் டி லியோனும் ஒரே மண்டபத்தில் இருந்தார்கள். டி லியோனின் போட்டிச் சங்கம் தன் பெயரில் 1,450 உறுப்பினர்கள் என்று கணக்குக் காட்டி இதில் கரைந்தது. பத்து வருட உழைப்பின் மொத்த அறுவடை அவ்வளவுதான்.

ஆனால் எண்ணிக்கை இல்லாதவர் யோசனையோடு வந்தார். மாநாடு முடிந்த கையோடு ஜூலை 10 அன்று மினியாபொலிஸில் அவர் ஆற்றிய உரையில் அது முழு வடிவம் பெற்றது. ஒரு தொழிலில் உள்ள எல்லாரும், பெருக்குபவர் முதல் பொறியாளர் வரை, ஒரே சங்கத்தில் இருக்க வேண்டும். இது பலர் அப்போது பேசிய விஷயம்தான். டி லியோன் சேர்த்தது அடுத்த படி. நாளைய அரசாங்கமே அந்தச் சங்கங்கள்தான். இன்றைய நாடாளுமன்றத்துக்கு ஊர், மாவட்டம், மாநிலம் என்று கோடு கிழித்துப் பிரதிநிதி அனுப்புகிறோம். நாளை சுரங்கம், ரயில்வே, நெசவு, கட்டுமானம் என்று தொழில்வாரியாகப் பிரதிநிதிகள் வந்து உற்பத்தியைத் திட்டமிடுவார்கள். கட்சி எதற்கு? ஓட்டுப் பெட்டி மூலம் ஜெயித்து, ஜெயித்த அன்றே அரசியல் அரசைக் கலைத்துவிட்டுத் தானும் கலைந்துபோவதற்கு. ஓட்டை மதிக்காத எதிராளியைச் சமாளிக்கச் சங்கத்தின் பலம் பின்னால் நிற்க வேண்டும். சோசலிச அரசு எப்படி இருக்கும் என்று கேட்டால் மற்ற தலைவர்கள் 'அப்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று நழுவிய காலத்தில், இவர் ஒரு வரைபடம் கொடுத்தார். அது நடக்குமா என்பது வேறு. ஆட்சியைப் பிடிக்கவே ஒரு கட்சியைப் பத்தாண்டுகளாகக் கட்டிக்கொண்டு, ஜெயித்த நாளில் அது தானாகக் கலையும் என்று நம்புவதை என்னால் கடைசிவரை ஏற்க முடியவில்லை, குறிப்பாக அந்தக் கட்சியின் ஆசிரியர் தன் நாற்காலியை எப்படிக் காத்தார் என்று தெரிந்த பிறகு.

அந்தக் குணத்துக்கு ஒரு சான்று ஜேம்ஸ் கானலி. பிற்காலத்தில் 1916 டப்ளின் எழுச்சிக்காகச் சுட்டுக்கொல்லப்பட்ட அதே அயர்லாந்துக் கானலி. 1903இல் அமெரிக்காவுக்குக் குடிவந்து டி லியோனின் கட்சியில் வேலை செய்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். கூலி உயர்ந்தால் விலையும் உயர்ந்து அதைத் தின்றுவிடும், ஆகவே கூலிப் போராட்டத்தால் பயனில்லை என்று கட்சிக்காரர்கள் பேசுவது மார்க்ஸ் மறுத்த பழைய வாதம் என்றார். திருமணத்தையும் மதத்தையும் கட்சிப் பத்திரிகை ஏன் வம்புக்கு இழுக்கிறது என்றும் கேட்டார். ஒரு தொழிலாளி கேட்ட நியாயமான மூன்று கேள்விகள். டி லியோன் கடிதத்தைப் போட்டார், கூடவே நீளமான பதிலையும் போட்டார், கானலி கட்சிக்கு வெளியிலிருந்து வந்த எதிரி மாதிரி ஆகிவிட்டார். கூலி விஷயத்தில் கானலி சொன்னதுதான் சரி. சில ஆண்டுகளில் அவரும் சோசலிஸ்ட் கட்சிப் பக்கம் போனார். இன்னொரு நல்ல ஆள், இன்னொரு வெளியேற்றம்.

ஐ.டபிள்யூ.டபிள்யூ.விலும் இதே கதைதான், ஆனால் இம்முறை கதவுக்கு வெளியே போனவர் அவரே. 1908 மாநாட்டுக்கு மேற்குக் கடற்கரையிலிருந்து ஒரு கூட்டம் சரக்கு ரயிலில் தொற்றி ஏறி, வழியெல்லாம் பாட்டுப் பாடிக் காசு சேர்த்துக்கொண்டு வந்தது. எல்லார் உடம்பிலும் வேலைக்காரர் போடும் நீல ஓவரால். மரம் வெட்டுபவர்கள், அறுவடைக் கூலிகள், நிலையான முகவரி இல்லாதவர்கள். ஊர் ஊராகத் திரிபவனுக்கு ஓட்டுரிமையே கிடைக்காது, அவனிடம் ஓட்டுப் பெட்டியைப் பற்றி என்ன பேசுவது? டி லியோன் தப்பான கிளையில் உறுப்பினராக இருக்கிறார், பத்திரிகைக்காரர் அச்சுத் தொழிலாளர் கிளையில்தான் இருக்க வேண்டும் என்ற காரணத்தைக் காட்டி அவருடைய பிரதிநிதித்துவத்தை மறுத்தார்கள். விதியைக் காட்டி எத்தனையோ பேரை வெளியேற்றியவரை விதியைக் காட்டியே வெளியேற்றினார்கள். சங்க விதிகளின் முகவுரையிலிருந்து அரசியல் நடவடிக்கை பற்றிய வரியும் போனது. அவர்களை அவர் 'பிச்சைக்காரக் கும்பல்' என்ற பொருளில் ஏசினார். டெட்ராயிட்டில் தன் பங்குக்கு இன்னொரு ஐ.டபிள்யூ.டபிள்யூ. வைத்தார். 1915இல் அது பெயர் மாறி, 1924இல் முடிந்தது.

அவர் பக்கம் நான் தயங்காமல் நிற்கும் விஷயம் ஒன்று உண்டு. 1904 ஆம்ஸ்டர்டாம் சர்வதேச மாநாட்டில் 'பின்தங்கிய இனங்கள்' என்று சொல்லப்பட்ட தொழிலாளர்கள் குடியேறுவதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற தீர்மானத்தை ஹில்க்விட் தரப்பும் சேர்ந்து கொண்டுவந்தது. குறி ஆசியத் தொழிலாளர் மேல். உயர்ந்த இனம், தாழ்ந்த இனம் என்று கோட்டை எங்கே கிழிப்பாய் என்று டி லியோன் திருப்பிக் கேட்டார். ஒவ்வொரு புதுக் குடியேறியையும் முன்னால் வந்தவன் இப்படித்தான் இழிவாகப் பார்த்தான் என்றும் எழுதினார். தீர்மானம் அங்கே நிறைவேறவில்லை. ஆனால் சோசலிஸ்ட் கட்சியில் பெர்கர் போன்றோர் பல ஆண்டுகள் வெளிப்படையாக இனவாதம் பேசினார்கள். சங்கங்களைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்ற அவர்களுடைய வளைந்துகொடுக்கும் குணத்துக்கு இன்னொரு முகம் இது. அந்த வளைவு இல்லாததால் டி லியோன் தனித்துப் போனார், இந்த ஓரிடத்தில் அந்தத் தனிமை அவருக்கு மரியாதை.

கடைசியாக லெனின் விஷயம். 1914 மே 11 அன்று டி லியோன் இறந்தார். ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு, சோவியத் என்ற தொழிலாளர் மன்ற யோசனையே டி லியோனிடமிருந்து வந்தது என்று அவருடைய கட்சிக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். லெனின் அவரைப் படித்ததும் பாராட்டியதும் உண்மை. ஆனால் சோவியத்துகள் 1905இல் ரஷ்ய வேலைநிறுத்தங்களின் நடுவே தொழிலாளர்களே கூடி உண்டாக்கியவை. அவர்களில் எவரும் 'தி பீப்பிள்' சந்தாதாரர் இல்லை. 1920இல் இடதுசாரிக் கம்யூனிசத்தின் இளம்பருவக் கோளாறு பற்றி லெனின் எழுதிய புத்தகத்தில், தொழிலாளர் தளபதிகள் என்ற அந்த வசையை டி லியோன் ஆட்களின் அருமையான, மிகச் சரியான சொல் என்று எடுத்தாள்கிறார். எந்த அத்தியாயத்தில் தெரியுமா? பிற்போக்கான தலைவர்கள் கையில் இருக்கும் சங்கங்களுக்குள்ளும் புரட்சியாளர்கள் போய் வேலை செய்தே தீர வேண்டும், தனிச் சங்கம் கட்டிக்கொண்டு ஒதுங்குவது முட்டாள்தனம் என்று வாதிடும் அத்தியாயத்தில். சொல்லை எடுத்துக்கொண்டார், டி லியோன் இருபது ஆண்டுகள் பிடிவாதமாக நின்ற வழியைத் தூக்கிப் போட்டார்.

அந்த வழியைக் கொஞ்சமாவது பலனோடு நடந்து பார்த்தவர்கள் அமெரிக்காவில் இல்லை, ஸ்காட்லாந்தில் இருந்தார்கள். 1903இல் அங்கே அதே பெயரில் கட்சி தொடங்கி, கிளாஸ்கோவில் அவருடைய சின்னப் புத்தகங்களை அச்சடித்து ஆலை வாசலில் விற்றார்கள், படிப்பு வட்டங்கள் நடத்தினார்கள். 1911இல் கிளைட்பேங்க் சிங்கர் தையல் இயந்திர ஆலையில் ஏறக்குறைய 11 ஆயிரம் பேர் வெளியே வந்த வேலைநிறுத்தத்தில் அவர்கள் கை இருந்தது. தோற்ற வேலைநிறுத்தம்தான். முதல் உலகப்போர் வந்தபோது கிளைட் நதிக்கரை ஆலைகளின் தொழிலாளர் பிரதிநிதிகள் இயக்கத்தில் இவர்கள் முன்னணியில் நின்றார்கள். அப்போது அவர்கள் செய்தது, இருக்கிற சங்கங்களுக்குள்ளேயே இருந்துகொண்டு ஆலைவாரிக் குழுக்கள் அமைத்தது. 1920இல் பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சி பிறந்தபோது அதன் முதல் தலைவரான ஆர்தர் மக்மானஸ் இந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர். டி லியோனைப் படித்து வளர்ந்தவர்தான், ஆனால் அந்தக் கட்சியில் சேர அவரும் தன் பழைய கட்சியைவிட்டு வெளியே வர வேண்டியிருந்தது.